மனநலம் பேசும் பாட்டு வீடியோவுக்கு உடுப்புத் தெரிவு: யாழ்ப்பாணத்தில் எடுப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கமெரா, நாலைந்து நண்பர்கள், கைக்காசு. யாழ்ப்பாணத்தில் நிறையப் பாட்டு வீடியோக்கள் இந்த அளவில்தான் உருவாகின்றன. பாட்டு மனச்சோர்வைப் பற்றியது என்றோ பதகளிப்பை (ஓயாத மனப்பதற்றத்தை) பற்றியது என்றோ தெரிந்தவுடன் குழுவில் ஒருவர் கறுப்பு ரீசேர்ட் எடுத்து வருவார். இன்னொருவர் நடிகரின் தலைமயிரைக் கலைத்துவிடுவார். உடுப்பு வேலை அத்தோடு முடிந்துவிடும். திரையில் வருத்தக்காரர் வேஷம் போட்ட ஒருவர் தெரிவார். அவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை, அவருக்கு என்ன நடந்தது என்பது தெரியாது.

இதைத் திருத்தக் காசு தேவையில்லை, வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். முதலில் ஆள், அப்புறம் அந்த ஆளின் வழமையான உடுப்பு, அதற்குப் பிறகுதான் அந்த வழமையில் எது மாறியது என்ற கேள்வி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் வருகின்றன. நிறத்தில் தொடங்குபவர்கள் (புதிதாக வருபவர்களில் அனேகமானோர் அங்கேதான் தொடங்குகிறார்கள்) பாதி வழியில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

பாட்டின் முடிந்த பதிவு, அல்லது நேர அளவு மாறாத ஒரு மாதிரிப் பதிவு. வரிகள் தாளில். படம் எடுக்கப்போகும் இடங்களின் பட்டியலும், அங்கே அதே நேரத்தில் போனில் எடுத்த படங்களும். நடிப்பவரின் அளவுகள், சப்பாத்து அளவு உட்பட.

இன்னும் இரண்டு ஆட்கள் வேண்டும். ஒருவர் உடுப்புக்கு மட்டும் பொறுப்பு. இயக்குநரே இதையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் படப்பிடிப்பு நாளில் யாருமே பார்க்கமாட்டார்கள். மற்றவர் உளவளத்துணையாளர் அல்லது மனநலப் பிரிவில் வேலை செய்த ஒருவர். அவரைப் படப்பிடிப்புக்கு இழுக்கத் தேவையில்லை. 2-ஆம் படியிலும் 5-ஆம் படியிலும் ஒவ்வொரு மணித்தியாலம் பேசக் கிடைத்தால் போதும்.

1. பாட்டைக் கேட்டு ஆளை எழுதுங்கள்

உடுப்பைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், பாட்டில் வரும் ஆளைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். வயது, வேலை, வீட்டில் யார் யார், எதில் போய் வருவார், காசு யார் கையில், உடுப்புத் தோய்ப்பது யார். கடைசிக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். அம்மா தோய்த்து மடித்து வைக்கும் வீட்டில் ஒரு பெடியன் எவ்வளவு சோர்ந்திருந்தாலும் அவன் உடுப்பு அழுக்காக இராது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவனின் உடுப்பில் எல்லாம் தெரியும். இதைத் தீர்மானிக்காமல் அழுக்குச் சட்டை போட்டால் பார்க்கிற அம்மாமாருக்கு உடனே உறுத்தும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஆளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 23 வயதுப் பெண், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. அம்மாவும் உயர்தரம் படிக்கும் தம்பியும் வீட்டில். சைக்கிளில் போய் வருவார். தன் உடுப்பைத் தானே தோய்ப்பார். பாட்டு நடக்கும் காலம் ஏறத்தாழ ஒன்றரை மாதம்.

2. அந்த நிலை உடுத்தும் பழக்கத்தை என்ன செய்யும் என்று கேட்டறியுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. இதைத் தாண்டினால் மிச்சப் படிகள் எல்லாம் ஊகத்தில் நிற்கும். உளவளத்துணையாளரிடம் "மனச்சோர்வு என்றால் என்ன நிறம் போடலாம்?" என்று கேட்காதீர்கள். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. "காலையில் எழும்பி உடுப்பு மாற்றுவது அவருக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பதிலில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் வந்துவிடும்.

பொதுவாகக் கிடைக்கும் விஷயங்கள் சில:

மனச்சோர்வு என்று மருத்துவர்கள் சொல்ல, அறிகுறிகள் குறைந்தது இரண்டு கிழமையாவது தொடர்ந்து இருக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் அழுகை அல்ல, பல நாட்களின் தேய்வுதான் திரையில் தெரிய வேண்டும். சின்னச் சின்ன வேலைகள் கனக்கும். தெறி போட வேண்டிய சட்டை அலுமாரியிலேயே கிடக்க, தலைவழியாக மாட்டும் ரீசேர்ட் மேலே வரும். கதிரையில் கிடந்தது, கொடியில் கைக்கு எட்டியது என்று உடுப்புத் தெரிவு சுருங்கும். பசி குறையலாம், கூடவும் செய்யலாம். அதனால் உடுப்புத் தொளதொளப்பாகலாம் அல்லது இறுகலாம். நடிகரை மெலியச் சொல்லாதீர்கள். அதே சட்டையை ஓர் அளவு பெரிதாக இன்னொன்று வாங்குங்கள், அல்லது தையலைப் பிரித்து விடுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: வெளியே எப்படி? நிறையப் பேர் வேலைக்கு வழமைபோல மினுக்கிய சட்டையோடு போய் வந்து, வீட்டுக் கதவைச் சாத்தியதும் அப்படியே கட்டிலில் விழுகிறார்கள். மினுக்கிய சட்டையோடு படுத்திருக்கும் ஒரு காட்சி, கிழிந்த உடுப்பில் எடுக்கும் பத்துக் காட்சிகளை விட அதிகம் சொல்லும்.

பதகளிப்பு வேறு மாதிரி. வியர்வை, கழுத்து இறுக்கம், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமை. ஆகவே கை பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் உடுப்பைத் தாருங்கள்: சட்டையின் கைநுனி, பையின் வார், ஒரு லேஞ்சி. உடுப்பு அழுக்காக இருக்கத் தேவையே இல்லை. அளவுக்கு மிஞ்சி நேர்த்தியாகவும் இருக்கலாம்.

திரும்பத் திரும்பக் கழுவத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயில் சட்டையை விடக் கையைப் பாருங்கள். அடிக்கடி கழுவிய கை காய்ந்து, வெடித்து, சிவந்திருக்கும். இது ஒப்பனை செய்பவருடன் பேச வேண்டிய விஷயம். நீங்கள் செய்ய வேண்டியது, அந்தக் கை தெரியும்படி சட்டைக் கையின் நீளத்தைக் குறைப்பது.

மனச்சிதைவு போன்ற நோய்களில் சிலர் தங்களைப் பராமரிக்க முடியாமல் போவது உண்டு. ஆனால் சிகிச்சையில் இருப்பவர் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சில மருந்துகள் உடம்பு வைக்கச் செய்யும், அதனால் பழைய களிசான் இடுப்பில் ஏறாது. இதையும் உடுப்பில் சொல்லலாம்.

மனவடு, அதாவது பெரிய இழப்போ பயங்கரமோ மனதில் விட்டுப்போன காயம், வெளியில் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சட்டையை, சாரத்தை இன்னும் மடித்து அலுமாரியில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதைக் காட்சியாக எடுக்க நினைத்தால் புதிதாக வாங்கிய உடுப்பையே பயன்படுத்துங்கள். யாருடைய வீட்டிலிருந்தும் அந்த உடுப்பை இரவல் கேட்காதீர்கள். அவர்கள் முகத்துக்காகத் தந்தாலும் கேட்கக் கூடாது.

3. வழமையான உடுப்பை முதலில் முடியுங்கள்

மாற்றம் தெரிய வேண்டுமானால் மாறாதது எது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டு ஓடுவது நாலு நிமிடம். முதல் இருபது, முப்பது செக்கனுக்குள் இந்த ஆள் நன்றாக இருந்தபோது எப்படி உடுத்துவார் என்பது கண்ணில் பட்டுவிட வேண்டும். பலர் சோர்ந்த நிலையிலேயே பாட்டைத் தொடங்குகிறார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை எப்போதுமே இப்படித்தானா என்ற குழப்பம் கடைசி வரை தீராது.

நம் கடைப் பெண்ணுக்கு நான் இப்படி வைப்பேன். மூன்று பஞ்சாபி (சல்வார்), ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான சோல் (துப்பட்டா). சைக்கிள் ஓட்டுவதால் சோலை இரண்டு தோளிலும் பின் குத்தியிருப்பார். கையில் மணிக்கூடு, தோளில் பை, இறுக்கிப் பின்னிய தலை, சின்னப் பொட்டு. வீட்டில் பழைய பாவாடையும் ரீசேர்ட்டும். இவ்வளவும் போதும், இதற்கு மேல் வாங்க வேண்டாம்.

அப்புறம் ஒரு பொருளைத் தெரிவு செய்யுங்கள், பாட்டு முழுக்கக் கண் தொடர்ந்து போவதற்கு. இவருக்கு அது சோல். பெடியனாக இருந்தால் கைக்கடிகாரமோ, சட்டைக் கையை மடிக்கும் விதமோ. ஒன்றுதான் வேண்டும். மூன்று பொருளில் மாற்றம் காட்டினால் பார்ப்பவர் எதையும் கவனிக்கமாட்டார்.

4. நாள் அட்டவணை போடுங்கள்

பல்லவிக்கு ஓர் உடுப்பு, சரணத்துக்கு ஓர் உடுப்பு என்று பிரிப்பது காதல் பாட்டுக்குச் சரி. இந்த வகைப் பாட்டுக்கு அது சரிவராது, ஏனென்றால் இங்கே கதையை நகர்த்துவது நாட்கள். எடிற்றில் காட்சிகள் முன்பின்னாகப் போனாலும், இது முன்னைய நாளா பிந்திய நாளா என்பதை உடுப்பைப் பார்த்தே பிடிக்க வேண்டும்.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: கதையில் எத்தனையாவது நாள், நேரம், இடம், உடுப்பு, உடுப்பின் நிலை, கூட இருக்கும் பொருட்கள். நம் பெண்ணுக்கு அது ஏறத்தாழ இப்படி வரும்:

முதல் நாள்: நீலப் பஞ்சாபி, மினுக்கியது, சோல் இரண்டு பக்கமும் குத்தியது.
பத்தாம் நாள்: பச்சைப் பஞ்சாபி, சோல் ஒரு பக்கம் மட்டும் குத்தியது, பின்னல் கொஞ்சம் தளர்ந்தது.
இருபதாம் நாளும் இருபத்தோராம் நாளும்: அதே பச்சைப் பஞ்சாபி, இருபத்தோராம் நாளில் கசங்கலோடு. சோல் நீலம், பஞ்சாபிக்குப் பொருந்தாது.
முப்பதாம் நாள்: வீட்டு உடுப்பு, பகல் நேரம். கடைக்குப் போக வேண்டிய நாளில் வீட்டு உடுப்பு என்பதே செய்தி.
நாற்பதாம் நாள்: அம்மாவோடு கிளினிக். வெளியே போகும் நல்ல பஞ்சாபி, அம்மா குத்திவிட்ட சோல், கையில் கிளினிக் கொப்பி.
நாற்பத்தைந்தாம் நாள்: கடைக்குப் போகும் காலை. சோல் ஒரு பக்கம்தான் குத்தியிருக்கிறது.

கடைசி வரியைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் குத்தி, புதுப் பஞ்சாபி, தலை நிறையப் பூ என்று முடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மருந்து தொடங்கிய சில நாளில் யாரும் அப்படி மாறுவதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்யவே சில கிழமைகள் எடுக்கும். பாதி வழியில் நிற்கும் உடுப்புத்தான் நேர்மையானது.

பொட்டை எடுத்துவிட்டால் சோர்வு தெரியும் என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம். இங்கே பொட்டில்லாத பெண்ணைப் பார்த்தால் வீட்டில் துடக்கோ, கிறிஸ்தவரோ, கணவனை இழந்தவரோ என்றுதான் யோசிப்பார்கள். கதை திசைமாறிப் போகும்.

கையில் கட்டிய நூல் மட்டும் அருமையான பொருள். ஆஸ்பத்திரிக்குப் போக முன் கோயிலில் நூல் கட்டிப் பார்த்த வீடுகள் எத்தனையோ. இருபத்தைந்தாம் நாள் அளவில் மணிக்கட்டில் ஒரு நூல் வந்தால், வீட்டார் கவனித்துவிட்டார்கள், பயந்திருக்கிறார்கள் என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரியும். கிளினிக் காட்சியிலும் அந்த நூல் இருக்கட்டும். நூலையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை.

5. விட்டுவிட வேண்டிய உடுப்புகள்

அட்டவணை முடிந்ததும் அதை உளவளத்துணையாளரிடம் காட்டுங்கள். உடுப்பு வாங்கிய பிறகு காட்டினால் யாருக்கும் மாற்ற மனம் வராது. காட்ட முன் இவற்றை நீங்களே வெட்டிவிடுங்கள்.

கையைப் பின்னால் கட்டும் சட்டையும் வெள்ளை நோயாளி அங்கியும். இவை வெளிநாட்டுப் பழைய படங்களிலிருந்து வந்தவை. இங்கே மனநலக் கிளினிக்குக்கு வருபவர் தன் உடுப்பில், கொப்பியோடும் மருந்து உறையோடும் வாங்கில் இருப்பார். அதை எடுங்கள். உண்மையான ஆஸ்பத்திரியில் அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள், பின்னணியில் வேறு நோயாளிகள் விழுவார்கள். ஒரு வாங்கும் பச்சைச் சுவரும் எந்தச் சனசமூக நிலையத்திலும் கிடைக்கும்.

பாதி வெள்ளை பாதி கறுப்பு முகமூடி. இதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. விடுங்கள்.

தடித்த தொப்பி ஜக்கெற். லண்டனிலும் ரொறன்ரோவிலும் எடுக்கும் பாட்டில் குளிருக்குப் போட்டது இங்கே வெயிலில் வந்து நிற்கிறது. வெளிநாட்டு மாமா அனுப்பியது, பெடியன் அதற்குள் ஒளிந்துகொள்கிறான் என்று கதையில் காரணம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். காரணம் இல்லையென்றால் நடிகர் வியர்ப்பது மட்டும்தான் மிச்சம்.

பாடசாலைச் சீருடை. பரீட்சை அழுத்தம் பற்றிய பாட்டுக்குத் தவிர்க்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் கழுத்துப்பட்டியின் நிறத்தைப் பார்த்தே எந்தப் பாடசாலை என்று சொல்லிவிடுவார்கள். பட்டியும் சின்னமும் இல்லாத வெறும் வெள்ளைச் சீருடை, அல்லது எந்தப் பாடசாலைக்கும் இல்லாத நிறத்தில் தைத்த பட்டி. இல்லாவிட்டால் அந்தப் பாடசாலையில் ஏதோ நடந்தது என்று கதை பரவும்.

படைச் சீருடை போன்ற துணி. மனவடுப் பாட்டுக்குச் சிலர் கேட்பார்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கும்போது பார்க்கிற ஆட்களுக்கு என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். சப்பாத்துச் சத்தம் ஒன்றே போதும்.

உயிரை மாய்ப்பதைக் குறிக்கும் எதுவும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் திரைப்படம், மேடை ஆகியவற்றுக்கென்று வெளியிட்ட வழிகாட்டலில் முக்கியமான ஒன்று, செயலையும் வழிமுறையையும் காட்டாதீர்கள் என்பது. உடுப்புக்குப் பொறுப்பானவருக்கு இதன் அர்த்தம்: சோல், சேலை, சால்வை, இடுப்புப் பட்டி எதையும் அந்தப் பக்கம் யோசிக்கவைக்கும் மாதிரிப் பிடிக்கவோ தொங்கவிடவோ கூடாது. இயக்குநர் கேட்டாலும் மறுக்க வேண்டிய இடம் இது. நாம் சோலையே முக்கிய பொருளாக வைத்திருப்பதால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சோல் எப்போதும் உடம்பில், அல்லது மடித்த நிலையில், அல்லது கொடியில் மற்ற உடுப்புகளோடு மட்டும்.

6. நிறத்துக்கு இப்போது வாருங்கள்

வெள்ளையில் தொடங்குவோம். குணமானதும் வெள்ளை உடுப்பில் கடற்கரையில் கைவிரித்து நிற்கும் காட்சி இரவல் காட்சி. இங்கே வெள்ளை என்றால் பள்ளிக்கூடம், கோயில் வேட்டி, செத்தவீடு. கீரிமலையில் அந்தியேட்டிக்கு நின்ற நினைவுதான் பலருக்கு வரும்.

கறுப்பு இளசுகளுக்கு வெறும் ஸ்டைல். கறுப்பு ரீசேர்ட்டில் சந்தோஷமாகச் சுற்றும் பெடியள் ஊர் முழுக்க இருக்க, அது துக்கத்தைச் சொல்லும் என்று நம்புவது வீண். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்துப் போட்டால் இங்கே அது அரசியல் நிறம். பாட்டு அதைப் பற்றியதல்ல என்றால் இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைக்காதீர்கள்.

நிறத்தை உடுப்பில் மட்டும் பார்க்காமல், பின்னணியோடு பாருங்கள். வலிகாமத்தில் செம்மண், பனங்காணி சாம்பல் பழுப்பு, பழைய சுண்ணாம்புச் சுவர் வெளிர் மஞ்சள், பண்ணைக் கடல் நீலப் பச்சை. நன்றாக இருந்த நாட்களில் ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியட்டும், செம்மண்ணுக்கு முன் நீலம் போல. நிலை மோசமாக மோசமாக உடுப்புச் சுவரின் நிறத்துக்குக் கிட்டப் போகட்டும். அறைக்குள் பச்சைப் பஞ்சாபியும் பச்சை பூசிய சுவரும் சேரும்போது ஆள் மறைந்துபோவது தானாக நடக்கும். எடிற்றில் நிறத்தைப் பிழிந்து சாம்பலாக்கும் வேலையும் குறையும்.

7. பாடகரின் உடுப்பைத் தனியாக யோசியுங்கள்

நம்முடைய பாட்டுகளில் பாதி நேரம் பாடகர் கமெராவைப் பார்த்துப் பாடுவார். அவர் கதைக்குள் இருக்கிறாரா, வெளியே நின்று சொல்கிறாரா என்று தீர்மானியுங்கள். வெளியே என்றால் கடைசி வரை ஒரே உடுப்பு, கதையில் வராத நிறம், எழுத்தும் சின்னமும் இல்லாதது. மூன்று ஜக்கெற் மாற்றி, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, தூக்கமில்லாத ஒரு பெண்ணைப் பற்றிப் பாடுவது நன்றாக இல்லை. பாடகரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், அதுவும் காசு போடுபவர் அவராக இருந்தால். அட்டவணையைக் காட்டிச் சொல்லுங்கள். தாளில் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

8. சேகரிப்பு

முதலில் வீடுகளில் தேடுங்கள், அப்புறம் கடை. தோய்த்துத் தோய்த்து மெல்லிசான வீட்டு உடுப்பைக் கடையில் வாங்க முடியாது. அக்காமார், சித்திமார் அலுமாரிகளில் கிடைக்கும். மிச்சத்துக்கு நவீன சந்தைப் பக்கம் போதும். சுன்னாகம், நெல்லியடிச் சந்தைகளில் இன்னும் மலிவாகக் கேட்டு வாங்கலாம்.

நடிகரின் சொந்த உடுப்பை வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக அவர் தானே அந்த நிலையைக் கடந்து வந்தவராக இருந்தால். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டுத் தன் உடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டும். வேஷத்தையும் தன்னையும் பிரித்துக்கொள்ள இது உதவும்.

மழை, கடல், கிணற்றடிக் காட்சி இருந்தால் அந்த உடுப்பில் இரண்டு வாங்குங்கள். மார்கழி மழையில் ஒரு பஞ்சாபி காய ஒரு நாள் முழுக்க எடுக்கும்.

9. பழசாக்குதல்

புதுத் துணியின் மடிப்பும் கஞ்சியும் கமெராவில் அப்பட்டமாகத் தெரியும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரம் சரியாக நுரைக்காது, துணி விறைக்கும், நிறம் மங்கும். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்குவோம், இங்கே அதுதான் தேவை. நாலைந்து தரம் தோய்த்து, உள்பக்கம் வெளியே திருப்பாமல் நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

வெள்ளையைக் கொஞ்சம் பழுப்பாக்கச் சாயத் தேயிலை. கடுஞ்சாயத்தில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு அலசுங்கள். பருத்தியில் மட்டும் பிடிக்கும், பொலியெஸ்ரரில் நிற்காது. சட்டைக் கொலர், கைநுனி, பாக்கெற் ஓரம் மூன்றையும் மரவேலைக்காரர் பயன்படுத்தும் அரத்தாளால் மெல்லத் தேயுங்கள். உண்மையில் தேயும் இடங்கள் அவைதான். முழங்காலில் ஓட்டை போடுவது பழசாக்குதல் அல்ல.

கசங்கல் வேண்டுமானால் துணியை ஈரமாக முறுக்கிக் கட்டி ஓர் இரவு வையுங்கள். இரவல் வாங்கிய உடுப்பில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள்.

10. கமெராவில் பாருங்கள்

உண்மையான இடம், உண்மையான நேரம், எடுக்கப்போகும் அதே கமெரா. கண்ணாடியில் நன்றாக இருந்தது திரையில் வேறு மாதிரி வரும்.

நெருக்கமான கோடு, பொடிக் கட்டம் போட்ட துணி திரையில் நெளியும். போன் திரையில் பார்க்கும்போது இன்னும் மோசம். மத்தியான வெயிலில் வெள்ளைச் சட்டை வெளிறிப்போகும். தானாக வெளிச்சம் சரிசெய்யும் போன் கமெரா அதைப் பிடிக்கப் போய் முகத்தை இருட்டாக்கும், ஆகவே போனில் வெளிச்ச அளவைத் தானாக மாறாதபடி பூட்டிவிட்டு எடுங்கள். இருட்டு அறையில் கறுப்பு உடுப்பு ஒரே கரித்திட்டாகும். யூரியூப்பில் ஏற்றியபின் அந்த இருட்டு கட்டங்கட்டமாக உடையும். கடும் நீலமோ கடும் பச்சையோ போட்டால் துணியின் மடிப்பு தெரியும். சாம்பல் நிறப் பருத்தி வியர்வையைக் காட்டிக் கொடுக்கும். பதகளிப்புக் காட்சிக்கு அது வரம், மற்றக் காட்சிகளுக்குத் தொல்லை.

நடிகர் நடந்து, இருந்து, சைக்கிள் ஏறி, படுத்துப் பார்க்கட்டும். மெதுவாக ஓடவிடும் காட்சிகளில் சோல் மிதப்பது அழகாக இருக்கும். அழகு அளவுக்கு மிஞ்சினால் சோகம் விளம்பரமாகிவிடும், அப்போது சாதாரண வேகத்தில் எடுங்கள்.

சோதனையில் எடுத்ததைச் சத்தமில்லாமல் வெளியாள் ஒருவருக்குக் காட்டி, "இதில் எது முதல், எது பிறகு?" என்று மட்டும் கேளுங்கள். வரிசை சரியாக வந்தால் உடுப்பு வேலை செய்கிறது. வராவிட்டால் அட்டவணைக்குத் திரும்புங்கள்.

11. படப்பிடிப்பு நாள்

ஒவ்வொரு நாள் உடுப்பும் தனித்தனிச் சொப்பிங் பையில், அட்டவணை இலக்கத்தோடு. பொருட்களும் அதே பையில். மணிக்கூட்டைப் பொதுப் பெட்டியில் போட்டால் அது கட்டாயம் தொலையும்.

சுத்தமான உடுப்புக் காட்சிகளை முதலில் எடுங்கள், கசங்கியது பிறகு, நனைவது கடைசி. செம்மண் பட்ட துணி அன்றைக்குள் பழைய நிறத்துக்கு வராது.

ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் பின்னும் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று போனில் படம். சோல் எந்தத் தோளில் குத்தியிருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் மணற்காட்டிலோ கசூரினாவிலோ சேலையும் சோலும் சொன்னபடி நிற்காது. உள்பக்கமாகப் பின் குத்துங்கள், ஓரத்தில் சின்னக் கனம் வைத்துத் தையுங்கள். கூட எடுத்துப்போக: ஊசி நூல், பின், உதிரித் தெறி, இரண்டு பக்கமும் ஒட்டும் ரேப், துவாய், குடை. பெண் நடிகைக்கு உடுப்பு மாற்றக் கிட்டத்தில் ஒரு வீட்டை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வானுக்குள் மாற்றச் சொல்வது மரியாதை இல்லை.

கனமான காட்சி எடுத்து முடிந்தவுடன் நடிகர் உடுப்பு மாற்றிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இதை ஒரு விதியாகவே வையுங்கள்.

12. ஏற்றும் வரை

எடிற் நடக்கும்போது உடுப்புக்குப் பொறுப்பானவரும் ஒரு தரம் இருந்து பார்க்க வேண்டும். தாளத்துக்காகக் காட்சிகளை மாற்றும்போது இருபதாம் நாள் உடுப்புப் பத்தாம் நாளுக்கு முன் வந்து விழும். எடிற் செய்பவர் அதைக் கவனிக்கமாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

முகப்புப் படத்துக்கு முப்பதாம் நாளை எடுக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள், அழுத முகம் நன்றாகக் கிளிக்காகும் என்று. கிளினிக் காட்சியையோ சைக்கிள் காட்சியையோ போடுங்கள். பாட்டைத் திறக்காமலே கடந்துபோகும் ஆயிரம் பேருக்கு அந்தப் படம்தான் முழு வீடியோவும்.

பாட்டின் முடிவிலும் கீழ்க்குறிப்பிலும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926-ஐப் போடுங்கள். எழுத்துப் பெரிதாக, வாசித்து முடிக்கும் அளவு நேரம் நிற்கட்டும். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்குத் தங்கள் நாட்டு இலக்கத்தைத் தேடும்படி ஒரு வரி.

பாட்டு ஏறும் வரை எந்த உடுப்பையும் தோய்க்கவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். ஏதாவது ஒரு காட்சி சரிவரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று போன் வரத்தான் செய்யும். இரவல் தந்தவர்களிடம் அந்தக் காலத்தையும் சேர்த்தே கேட்டு வாங்கியிருங்கள்.